கோட்டுக்கு வெளியே

துப்பாக்கி வணிகத்துக்குக் கடிவாளம் போட வல்லரசுகள் கூடி எழுதிய முதல் பெரிய உடன்படிக்கை 1890 ஜூலை 2-ல் பிரசல்ஸில் கையெழுத்தானது. அடிமை வேட்டைக்காரர்களிடம் நவீன ஆயுதம் சேரக்கூடாது என்பது அதன் நோக்கம். அதற்காக ஆப்பிரிக்க வரைபடத்தில் வடக்கே 20 பாகையிலும் தெற்கே 22 பாகையிலும் கோடு கிழித்தார்கள். இடைப்பட்ட நிலத்துக்குள் புதுரகத் துப்பாக்கிகள் நுழையத் தடை. சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் விலக்கு. வாங்குபவரைச் சுற்றி வேலி போட்டவர்கள், விற்கும் ஆலையின் வாசலைத் திறந்தே விட்டார்கள். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் தோல்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அரேபியக் கரையிலிருந்த மஸ்கட், அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. ஐரோப்பியத் துப்பாக்கிகள் அங்கே இறங்கி, பாய்மரக் கலங்களில் எதிர்க்கரையான மக்ரான் சேர்ந்து, ஒட்டகங்களில் ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் போயின. தொடக்கத்தில் பிரிட்டிஷ் வணிகர்களும் இதில் லாபம் பார்த்தவர்களே. அந்தத் துப்பாக்கிகள் எல்லையில் தன் படையையே குறிவைத்த பிறகு பிரிட்டன் தடை கேட்டது. 1844-ஆம் ஆண்டு வணிக ஒப்பந்தத்தைக் காட்டிப் பிரான்ஸ் மறுத்தது. போர்க்கப்பல்கள் ரோந்து சுற்றியும் முழுதாக நிற்காத வியாபாரம், 1912-ல் சுல்தான் கிடங்கு அமைத்து, இறங்கும் ஆயுதமெல்லாம் அதற்குள் போகவேண்டும் என்றதும் ஒடுங்கியது. விற்கும் இடத்தில் விழுந்த பூட்டுதான் வேலை செய்தது. ஆனால் 1919-ல் சான் ஜெர்மனில் எழுதிய ஒப்பந்தம் தடைப்பகுதியை அரேபியா வரை நீட்டியும் நிலைக்கவில்லை. அமெரிக்கா அதை உறுதிசெய்ய மறுத்தது. போட்டியாளர் கட்டுப்படாதபோது தாம் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று மற்ற விற்பனை நாடுகளும் ஒதுங்கின. 1925-ல் ஜெனீவாவில் எழுதிய ஆயுத வணிக ஒப்பந்தமோ நடைமுறைக்கே வரவில்லை.

இத்தகைய கட்டுப்பாடே காலனியச் சூழ்ச்சி என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 1896-ல் அத்வாவில் எத்தியோப்பியர்கள் இத்தாலியப் படையை முறியடித்தது நவீனத் துப்பாக்கிகளைக் கொண்டுதான். ஆனால் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்தே எழுந்தது. 1996 மார்ச்சில் டிம்பக்டுவில் மாலி அரசு, போராளிகள் ஒப்படைத்த சுமார் 3,000 ஆயுதங்களைத் தீயிட்டது. 1998-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சிறு ஆயுத இறக்குமதியைத் தாமாகவே நிறுத்திவைத்தன. 2006-ல் அதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக்கின. அப்படியிருந்தும் 2012-ல் மாலி மீண்டும் போரில் விழவில்லையா என்று கேட்கலாம். விழுந்தது. அதற்குத் தூபம் போட்டவை, கடாஃபி வீழ்ந்தபின் லிபியக் கிடங்குகளிலிருந்து வந்த ஆயுதங்கள். லிபியா அந்த ஒப்பந்தக் கூட்டமைப்பில் இல்லை. மஸ்கட்டின் கதையே பாலைவனத்தில் மறுபடி நடந்தது. வாங்குபவர் எவ்வளவு நேர்மையாக வேலி போட்டாலும், ஆயுதம் வேலிக்கு வெளியிலிருந்துதான் வருகிறது.

2001-ல் நியூயார்க் ஐ.நா. மாநாட்டில், அரசு சாரா ஆயுதக் குழுக்களுக்கு விற்கத் தடை கேட்டன ஆப்பிரிக்க நாடுகள். அமெரிக்க எதிர்ப்பால் அந்த வரி விழுந்தது. மிஞ்சிய செயல்திட்டமும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதது. ஏற்றுமதியாளரின் கையைப் பிடிக்கும் ஆயுத வணிக ஒப்பந்தம் 2013-ல் 154 வாக்குகளுடன் நிறைவேறியது. உலகின் மிகப்பெரிய ஆயுத ஏற்றுமதியாளரான அமெரிக்கா அதே ஆண்டு கையெழுத்திட்டது. 1919-ல் போலவே, உறுதிசெய்யவில்லை.