வில்லும் வண்டியும்

மாட்டுவண்டிகளுள் ஒருவகைக்கு நம் முன்னோர் 'வில்வண்டி' என்று பெயரிட்டனர். நெல்லிக்குப்பத்து ஆலைக்குக் கரும்பு சுமந்து சென்ற பாரவண்டிக்கும், முதியோரும் பெண்டிரும் ஏறித் திருவிழாவுக்குச் சென்ற வில்வண்டிக்கும் வெளித்தோற்றத்தில் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் உள்ளமைப்பில் உள்ள வேறுபாடே பெரிது. பாரவண்டியில் சுமை நேரே அச்சின்மேல் அமர்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் சுமையும் உடன் விழுகிறது. வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் வில்போல் வளைந்து நிற்கின்றன. பாதையின் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு, அதனைத் தணித்தே மேலே அனுப்புகின்றன. இன்றைய லாரிப் பட்டறைகளில் இவற்றையே 'கமான் பட்டை' என்கின்றனர். கமான் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். அதற்கும் வில் என்பதே பொருள். மாடு போய் மோட்டார் வந்தது, சொல் மாறியது, பொருள் மாறவில்லை.

பழைய சிறு கார்களை விரும்பி வாங்கும் இளைஞர் சிலர், அவற்றின் உயரத்தைக் குறைத்து ஓட்ட ஆசைப்படுகின்றனர். வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்து, பந்தயக் கார்போல விரைந்தோட வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். செலவு மட்டும் மிகக்கூடாது. இவ்விருப்பத்தைப் பெரியவர்கள் நகைத்துத் தள்ளிவிடுவதுண்டு. அது முறையன்று. இவ்வாசைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில், சென்னையில் உருவான ஒரு காருக்கும், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த ஓர் ஊருக்கும் இடம் உண்டு.

வில் எதற்காக வேண்டும்? சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. அத்துணைப் பெரிய தேருக்கு வில் கிடையாது. அது மனிதர் நடக்கும் விரைவினும் மெல்லச் செல்வது. அதனை நிறுத்த முட்டுக்கட்டையே போதும். விரைவு கூடும்போதுதான் வில் தேவையாகிறது. ஒரே கல்லின்மேல் மெல்ல ஏறும் சக்கரம் வண்டியைத் தூக்குகிறது. விரைந்து ஏறும் சக்கரமோ வண்டியைத் தாக்குகிறது. விரைவும் வசதியும் ஒன்றாக வேண்டுமென்ற நிலை வந்தபொழுது, வில்லின்றி வண்டி இல்லை என்றாயிற்று.

வில்லின் இயல்பை 1678-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்டார். எவ்வளவு பளு ஏற்றுகிறோமோ அந்த அளவுக்கு வில் அமுங்கும். பளு இருமடங்கானால் அமுக்கமும் இருமடங்காகும் என்பதே அவ்விதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒபதயா எலியட் என்ற இலண்டன் வண்டித் தொழிலாளர், பட்டைகளை நீள்வட்டமாக இணைத்த வில்லைக் குதிரைவண்டிகளுக்குப் பொருத்தி உரிமம் பெற்றார். அதன் பின்னரே இலகுவான, தாழ்ந்த கோச்சு வண்டிகள் பெருகின. வண்டியின் தாழ்வுக்கும் வில்லுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால் வில்லுக்கு ஏற்ற எஃகு வேண்டும். இரும்பு வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். நல்ல எஃகே வளைந்தபின் நிமிரும். இவ்விடத்தில்தான் பரங்கிப்பேட்டை கதைக்குள் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், வேலையை விட்டு விலகி, 1830-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஓர் இரும்பாலையை நிறுவினார். சேலத்து இரும்புக்கல்லை மரக்கரியால் உருக்கி, வார்த்த இரும்பைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார். எரிபொருளுக்கு மரம் போதாமையும் பணமுடையும் ஆலையை வாட்டின; அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது மூடப்பட்டது. ஆயினும் ஹீத் இங்கு கற்றது வீண்போகவில்லை. 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் அது அடிக்கவும் இணைக்கவும் இசைவாக அமையும் என்று கண்டு உரிமம் பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனால் பெரும்பயன் அடைந்தது. அவரோ வழக்குகளில் பொருளிழந்து 1851-இல் மறைந்தார். இன்று கார்களுக்கும் லாரிகளுக்கும் செய்யும் வில்லெஃகில் மாங்கனீசு தவறாது இடம்பெறுகிறது. கடலூர்ச் சாலையில் ஓடும் எந்த வண்டியின் கமான் பட்டையிலும் பரங்கிப்பேட்டை இரும்புக்காரரின் நினைவு சிறிது கலந்திருக்கிறது எனலாம்.

இனிச் சென்னைக் காருக்கு வருவோம். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் சிறு கார், 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்யப்பட்டது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அழகிய உடல். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். அக்காலத்துப் பிற கார்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருக்க, இதில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஊசலாடுமாறு அமைத்திருந்தனர். இரு சக்கரங்களுக்கும் பொதுவாகக் குறுக்கே ஒரே கமான் கட்டு. அதன் நடுப்பகுதி டிபரன்ஷியல் பெட்டியின்மேல் இறுக்கப்பட்டிருந்தது.

இவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. வளைவில் விரைந்து திரும்பும்போது ஓட்டுநர் திடீரென விசையைக் குறைத்தால், வண்டியின் பின்புறம் மேலெழும். வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். பின்புறம் வழுக்கிச் சுழலும். இது ஹெரால்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 1960-இல் வந்த கார்வேர் என்னும் காரும் இத்தகைய ஊசல் அச்சு உடையதே; 1965-இல் ரால்ப் நேடர் எழுதிய நூலில் அது கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இக்குறைக்குப் பந்தய ஓட்டுநர்கள் கண்ட மருந்து யாது? வண்டியின் பின்புறத்தைத் தாழ்த்துவதே! டிபரன்ஷியலுக்கும் கமான் கட்டுக்கும் இடையே ஓர் எஃகுக் கட்டையை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கினர். அல்லது பட்டைகளின் வளைவைத் தட்டிக் குறைத்தனர். உடல் தாழவே, சக்கரங்களின் மேற்பகுதி உட்புறமாகச் சிறிது சாய்ந்து நின்றது. அந்நிலையிலிருந்து சக்கரம் அடியில் மடங்குவது எளிதன்று. செலவு சிறிது, பயனோ உயிர்காப்பது. உற்பத்தியாளரும் பின்னர், இதே அமைப்புடைய ஸ்பிட்பயர் காரில் 1970-இல் கமான் கட்டின் பிணைப்பையே மாற்றியமைத்தனர். சென்னையிலோ 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கசல் காரில் ஊசல் அச்சை நீக்கி, பழைய முறைப்படி ஒரே அச்சை வைத்தனர்.

தாழ்த்துவதால் மற்றொரு நன்மையும் உண்டு. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதனை 50 ஆக்கினால், வளைவில் உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பளு பதினொன்றில் ஒரு பங்கு குறையும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. அங்கே பியட்டும் ஹெரால்டும் ஓடின. விமானத் தளத்தில் குழியில்லை, மேடில்லை, மாடு குறுக்கே வருவதில்லை. அங்கு தாழ்வே சிறப்பு.

சோழவரத்து அறிவைக் கடலூர்ச் சாலைக்குக் கொண்டுவரும்போதுதான் இடர் பிறக்கிறது. குறைந்த செலவில் தாழ்த்துவதென்று பட்டறைகளில் பெரும்பாலும் செய்யப்படுவன மூன்று. ஒன்று, கமான் கட்டில் ஒரு பட்டையை உருவிவிடுதல். பளு அப்படியே இருக்க, தாங்கும் பட்டை குறைவதால், எஞ்சிய பட்டைகள் அளவுக்கு மீறி வளைந்து நாளடைவில் முறியும். இரண்டு, சுருள்வில்லை விளக்கால் சிவக்கக் காய்ச்சி அமுங்கவிடுதல். வில்லெஃகு, செந்தணலில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதம் பெற்றது. பதம் பெற்ற எஃகைக் கண்டபடி சிவக்கவைத்தால் பதம் போய்விடும். அது பின் வில்லன்று, வெறுங்கம்பி. மூன்று, சுருளில் ஒன்றை வெட்டிவிடுதல். எட்டுச் சுருளுள்ள வில்லில் ஒன்றை நீக்கினால் வில் ஏறத்தாழ 14 விழுக்காடு விறைப்பாகும். இது முன்னவை இரண்டினும் தீங்கு குறைந்ததே. ஆயினும் வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

இம்மூன்றுக்கும் பொதுவான இழப்பு ஒன்று உண்டு, அதுவே முதன்மையானது. வில் அமுங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடமே பாதைக்கும் பயணிக்கும் இடையிலான அடைக்கலம். தாழ்த்துவோர் குறைப்பது உயரத்தை மட்டுமன்று, அந்த இடத்தையுமே. தரையிலிருந்து 16 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஒரு காரை 5 சென்டிமீட்டர் தாழ்த்துவதாகக் கொள்வோம், எஞ்சுவது 11. இந்தியச் சாலைப் பேரவை 1988-இல் வகுத்த நெறிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். அதன் அகலம் 3.7 மீட்டர். அந்நெறிப்படி அமைந்த மேடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் வண்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர்களில் அதே உயரத்தைக் குறுகிய அகலத்தில் குவித்துவிடுவதே வழக்கம். அங்கே வண்டியின் வயிற்றுக்கும் மேட்டுக்கும் இடையே மிஞ்சுவது ஒரே சென்டிமீட்டர். நால்வர் ஏறி அமர்ந்தாலே அது போய்விடும்.

கடலூர் வட்டாரத்துக்கு மேலும் ஒரு கவலை உண்டு. கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கடலை நோக்கி இறங்கும் தாழ்நிலம் இது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இக்கரையில் ஏறியது. 2015-இன் இறுதியில் பெருவெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய நிலத்தில் சாலைமேல் நிற்கும் நீரின் அளவு, காரின் அடிப்பாகம் நிற்கும் உயரத்தோடு நேர்த் தொடர்புடையது. சேறு மூடிய குழியை ஓட்டுநர் கண் காணாது. வண்டியின் அடிவயிறே முதலில் காணும்.

சட்டமும் இதனைக் கண்டுகொண்டது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதனை வலியுறுத்தியது. ஆதலின், பந்தயத் தளத்துக்கு உரியதைப் பொதுச்சாலையில் செய்ய விரும்புவோர் முதலில் பதிவு அலுவலகத்தின் வாயிலைத் தட்டவேண்டும்.

ஹெரால்டு வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். தாழ்த்துதல் என்னும் ஒரே செயல் அங்கே குறைக்கு மருந்தாயிற்று. இங்கே குறைக்கு வித்தாகிறது. அங்கே ஓட்டுநர் முதலில் நோயை அறிந்தார். பின் எவ்வளவு தாழ்த்துவது என்று அளந்தார். வில்லின் பதத்தைக் கெடுக்காமல் கட்டையிட்டுத் தாழ்த்தினார். செலவு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் சிந்தனை குறைவாக இல்லை. இங்கே தோற்றத்துக்காக மட்டும் விளக்கையும் வாளையும் எடுக்கிறோம். பழைய காரின் வில்கள் ஆண்டுகளின் பளுவால் தாமாகவே சிறிது அமுங்கியிருக்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். அத்தகைய காருக்குச் செய்யத்தக்க முதற்செலவு, தளர்ந்த பட்டைகளைக் கழற்றி, துருவைத் துடைத்து, முறிந்ததை மாற்றி, வளைவு அளந்து மீண்டும் பூட்டுவதே. வண்டி அதனால் ஓர் அங்குலமும் தாழாது. ஆனால் நேராக ஓடும்.

வில்வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் நூல் கற்றவரல்லர். ஆயினும் இரண்டு உண்மைகளை அவர்கள் அறிந்திருந்தனர்: ஏறுபவர் யார் என்பது ஒன்று, போகும் பாதை எது என்பது மற்றொன்று. அவற்றை அளந்த பிறகே வில்லின் வளைவை வகுத்தனர். காரின் அடியில் படுத்துக் கமான் பட்டையைத் தொடும் எவரும் அவ்விரு கேள்விகளையும் முதலில் தம்மையே கேட்டுக்கொள்வாராக.