விண்மீனும் உள்ளுணர்வும்: பனச்சமூட்டு எல்லைப் பகுதிக் கிறித்தவச் சொல்வழக்கில் சோதிடக் குறியீடுகள்

முன்னுரை

கிறித்தவ சமயம் சோதிடத்தை மறுத்த சமயம். ஆயினும் அதன் தொடக்க வரலாற்றிலேயே ஒரு விண்மீன் ஒளிர்கிறது. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் மறைநூலைக் கற்று வந்தவர்கள் அல்லர். வானத்தைப் பார்த்து வந்தவர்கள். விலக்கப்பட்ட ஒரு கலை மெய்யான இடத்திற்கு வழிகாட்டியது எங்ஙனம் என்னும் வினா பழங்காலந்தொட்டே இச்சமயத்தினுள் இருந்து வருகிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் தென் திருவிதாங்கூர் எல்லைப் பகுதியில் இவ்வினாவுக்குச் சொற்கள் தரும் விடை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் காலக்கணக்கும்

பனச்சமூடு, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகியவற்றை ஒட்டிய எல்லையூர்களுள் ஒன்று. வேப்பமூடு, புளிமூடு, ஆலுமூடு என்பனபோல் இதுவும் மரத்தால் பெயர் பெற்ற ஊர். 'மூடு' என்பது மரத்தின் அடியைக் குறிக்கும். முற்பகுதியைத் தமிழ்ப் 'பனிச்சை'யோடு இணைத்துக் காணலாம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சியெல்லை பிரித்ததை வழிபாடும் சந்தையும் உறவுமுறையும் முற்றாகப் பிரித்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மிசனரி சங்கத்தின் நிலையங்களாக விளங்கிய நெய்யூர் இன்று எல்லையின் ஒருபுறமும் பாறசாலை மறுபுறமும் உள்ளன.

இப்பகுதி மக்களின் காலக்கணக்கு கொல்லம் ஆண்டு. இது கி.பி. 825இல் தொடங்குவது. தமிழ் மாதப் பெயர்கள் பெரும்பாலும் நாண்மீன்களின் பெயர்களிலிருந்து வந்தவை. கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்களோ மேடம், இடவம், மிதுனம் என இராசிப் பெயர்களாகவே அமைந்தவை. எனவே சோதிடத்தை முற்றிலும் கைவிட்ட கிறித்தவர் ஒருவரும், தம் குழந்தையின் திருமுழுக்கு நாளைச் சொல்லும்போது கன்னி என்றோ துலாம் என்றோ சொல்ல வேண்டியவரானார். நம்பிக்கை நீங்கிய பின்னும் அதன் சொல் நிலைத்தது.

குறியீடுகளும் அவற்றின் எல்லையும்

கிறித்தவக் குறியீடுகளில் வான்மண்டலச் சாயலைக் காணும் போக்கு மேலைநாட்டில் பரவலானது. நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்களான மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகியவை கும்பம், சிம்மம், இடபம், விருச்சிகம் என்னும் நான்கு நிலை இராசிகளோடு ஒப்பிடப்படுகின்றன. விருச்சிகத்தின் இடத்தில் கழுகு வைக்கப்படுகிறது. தொடக்கக் காலக் கிறித்தவரின் மீன் அடையாளத்தை மீன இராசியோடு பொருத்தி, உளவியலறிஞர் யுங் 'அயோன்' (1951) என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இவ்வகைப் பொருத்தங்கள் அனைத்தும் எல்லைப் பகுதிக்குப் பொருந்தி வாரா. கன்னி மரியாளின் பிறப்புத் திருநாளாகிய செப்டம்பர் 8 மேலைக் கணக்கில் கன்னி இராசிக்குள் அடங்கும். இதனைக் குறியீடாகக் கொள்வாரும் உளர். கொல்லம் கணக்கிலோ அந்நாள் சிங்ஙம் மாதத்திலேயே விழுகிறது. கன்னி மாதம் பிறப்பது செப்டம்பர் நடுப்பகுதியில்தான். மேலைநாட்டில் மகரத்தில் வரும் கிறித்துமசு இங்குத் தனு மாதத்தில் வருகிறது. சம இரவுப் புள்ளியின் நகர்வால் இரு முறைகளுக்கிடையே ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு ஏற்பட்டுள்ளதே இதற்குக் காரணம். ஆகவே குறியீடு வானத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒன்றன்று. அதனைப் படிக்கும் சமுதாயத்தின் மொழியில் அமைவது என்பது தெளிவு.

செப்பேட்டுச் சான்று

சிரியக் கிறித்தவர்கள் கோட்டயத்தில் போற்றிக் காத்த வீரராகவ சக்கரவர்த்தியின் செப்பேடு, மகோதையர்பட்டினத்து இரவிகொர்த்தனுக்கு மணிக்கிராமப் பட்டம் அளித்ததைக் கூறுவது. அதில் ஆண்டு எண் இல்லை. மகரத்தில் வியாழன், மீன ஞாயிறு இருபத்தொன்று சென்ற சனிக்கிழமை, உரோகிணி நாள் என்னும் வான்குறிப்புகளே உள்ளன. இவற்றைக் கொண்டு கணித்த பர்னல் கி.பி. 774 என்றார். எழுத்தமைதி அத்துணைப் பழமையானதன்று என வெங்கையா கருதினார். கீல்ஹார்னின் கணிப்பு 1320ஐத் தந்தது. பின்னர் எம்.ஜி.எஸ். நாராயணன் 1225 எனக் கொண்டார்.

கோள்நிலை ஒன்றே, கணிதமும் பிழையற்றது, முடிவுகள் மட்டும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் வேறுபடுகின்றன. கோள்நிலைகள் மீண்டும் மீண்டும் வருவன. ஆதலின் எச்சுற்றைத் தேர்வது என்பதைக் கணக்கு மட்டும் சொல்லாது. எழுத்தின் வடிவைப் பார்த்துப் பழகிய கண்ணின் உணர்வே அங்கு வழிகாட்ட வேண்டியதாயிற்று. அவ்வுணர்வு பின்னர்ச் சான்றுகளால் சோதிக்கப்பட்டது. உள்ளுணர்வு அறிவுக்கு முன்னே செல்லும் முறைக்கு இஃது ஓர் எளிய எடுத்துக்காட்டு.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல்

மத்தேயு வழங்கும் கிரேக்கச் சொல் 'மாகோஸ்' என்பதன் பன்மை. பாரசீகக் குருமாரையும் வான்குறி நோக்குவோரையும் மந்திரவாதிகளையும் ஒருங்கே குறித்த சொல் அது. அவர்கள் மூவர் என்றோ அரசர் என்றோ மத்தேயு கூறவில்லை. கத்தோலிக்க மரபில் அவர்கள் 'மூவிராசாக்கள்' ஆயினர். சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பில் 'சாஸ்திரிகள்', பொது மொழிபெயர்ப்பில் 'ஞானிகள்', மலையாளச் சத்தியவேத புத்தகத்தில் 'வித்வான்மார்'. சில கல் தொலைவுக்குள் தமிழ்ச் சபையும் மலையாளச் சபையும் அமைந்த இப்பகுதியில், ஒரே கிறித்துமசுக் காலத்தில் இச்சொற்கள் அனைத்தும் ஒலிக்கக் கேட்கலாம்.

அதே கிரேக்கச் சொல் திருத்தூதர் பணிகளின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் பவுலை எதிர்த்தவனுக்கும் வருகிறது. சத்தியவேத புத்தகம் அங்கும் 'வித்வான்' என்றே வழங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்போ அவனை 'மாயவித்தைக்காரன்' என்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்து, ஏற்கத்தக்க அறிவை ஒருபுறமும் விலக்கத்தக்க வித்தையை மறுபுறமும் வைத்தனர் எனலாம். மூலத்தில் இருந்த இடர்ப்பாடு இதனால் தமிழ் வாசகரின் கண்ணுக்கு மறைந்தது. மறுதலையாக, யோபு நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுளின் ஆற்றலைக் கூற அறுமீன், மிருகசீரிஷம், இராசிகள் என்னும் சோதிடர் சொற்களையே அவர்கள் கையாண்டனர். விலக்கியவரும் விலக்கப்பட்டவரின் சொல்லகராதியையே நாட வேண்டியிருந்தது.

மறுப்பின் அடிப்படை

சோதிடத்திற்கு எதிரான கிறித்தவ மறுப்புகளுள் தலையாயது அகுஸ்தீனுடையது. ஒரே நேரத்தில் பிறந்த இரு குழந்தைகளைப் பற்றித் தம் 'அறிக்கைகள்' நூலின் ஏழாம் பகுதியில் அவர் கூறுகிறார். ஒருவன் செல்வர் வீட்டு மகன். மற்றவன் அடிமைப் பெண்ணின் மகன். கோள்நிலை இருவர்க்கும் ஒன்று. முன்னவன் செல்வத்தில் வளர்ந்தான். பின்னவன் அடிமையாகவே இருந்தான். எனில் விதித்தது விண்மீனா, வீடா?

1855இல்தான் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்ட திருவிதாங்கூரில் இவ்வாதம் நூலளவில் நிற்பதன்று. பிறப்பே தொழிலையும் நடக்கும் வழியையும் வரையறுத்த சமுதாயத்தில், பிறந்த நாண்மீன் வாழ்வை விதிக்கிறது என்னும் கருத்தை மறுப்பது, பிறப்பு வாழ்வை விதிக்கிறது என்பதை மறுப்பதற்கு அணித்தாகும். பகுத்தறிவின் பணி இங்கு இன்றியமையாதது. எனினும் அகுஸ்தீனை மனமாற்றத்தில் கொண்டு சேர்த்தது இவ்வாதமன்று. அதே நூலின் எட்டாம் பகுதியில், தோட்டத்தில் கேட்ட ஒரு குழந்தையின் குரல். அறிவு முள்ளை அகற்றியது. வழியை உள்ளுணர்வு கண்டது.

குறத்தியும் வானநூலும்

இவ்விரு ஆற்றல்களையும் ஒரே நூலில் அமைத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி' ஏறத்தாழ 1800ஐச் சார்ந்தது. குறவஞ்சி என்பது குறத்தி கைபார்த்துக் குறி சொல்லும் இலக்கிய வகை. சமயம் விலக்கிய குறிகூறலையே தம் சமய உண்மைக்கு உருவமாக்கினார் அவர். அந்நூலிலேயே கொப்பர்னிக்கசின் வழிவந்த புதிய வானநூற் செய்திகளையும் சேர்த்தார். கோள்கள் கணிதத்திற்கு உரியவை. குறியோ நெஞ்சத்திற்கு உரியது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்கவில்லை.

முடிவுரை

பழந்தமிழில் 'கணி' என்பது காலம் கணிப்பவனைக் குறித்தது. கணியன் பூங்குன்றனாரின் பெயர் இதற்குச் சான்று. மலையாளத்தில் 'கணி' என்பது விஷு நாளின் முதற் காட்சி. 'காண்' என்னும் வேரோடு தொடர்புடையது. எல்லைப் பகுதியில் கணித்தலும் காண்டலும் ஒரே ஒலியில் நிற்கின்றன.

மத்தேயுவின் வரலாறும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. அரசன் அரண்மனையில்தான் பிறப்பான் என்னும் கணிப்பு அச்சான்றோரை ஏரோதிடம் சேர்த்தது. அதன் விளைவு பெத்லகேம் குழந்தைகளின் சாவு. வீட்டை அடைந்தபின் கனவின் எச்சரிக்கையை ஏற்று அவர்கள் வேறு வழியாகத் திரும்பினர். எனினும் கணிப்பு இன்றி அவர்கள் புறப்பட்டிருக்கவே மாட்டார்கள். சோதனைக்கு உட்படாத உள்ளுணர்வு மூடநம்பிக்கையாகத் திரிவதும் உண்டு. அகுஸ்தீன் மறுத்தது அதனையே. கணக்கின் எல்லை முடியும் இடத்திலேயே உள்ளுணர்வின் மதிப்பு தொடங்குகிறது. சோதிடத்தை விட்டும் அதன் சொற்களை விடாத எல்லைப் பகுதிக் கிறித்தவரின் மொழிவழக்கு இவ்வரம்பை உணர்த்தி நிற்கிறது.