கரிராமனும் தலைக்கட்டு வரியும்: கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் ‘எங்கள் கோயில்’ உருவான விதம்

கல்வராயன் மலை மக்களின் பூர்வ கதை இடம் மாறிய ஒரு தெய்வத்தில் தொடங்குகிறது. தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில், கல்வராயன் மக்களும் அடங்கும் மலையாளிகளின் மரபுக்கதை ஒன்று பதிவாகியிருக்கிறது. காஞ்சியில் இருப்புக்கொள்ளாத கரிராமன் வேறிடம் தேடிப் புறப்பட்டார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு அவரைப் பின்தொடர்ந்தனர். சேலத்தில் வழி பிரிந்தது. மூத்தவர் சேர்வராயனுக்கும், நடுவர் பச்சைமலைப் பக்கத்துக்கும், இளையவர் மஞ்சவாடிக்கும் சென்றனர். இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசும் மலைக்குடியினர், கவுண்டர் பட்டம் உடையவர்கள், பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டவர்கள்.

தலபுராணங்களின் வழக்கமான பாதையில் அரசன் ஒருவன் லிங்கத்தையோ விக்கிரகத்தையோ கண்டெடுப்பான், கோயில் எடுப்பான், மானியம் விடுவான், குடிகளை அமர்த்துவான். கரிராமன் கதையில் இந்த வரிசை இல்லை. தெய்வம் முன்னே நடக்கிறது, குடி பின்னே வருகிறது, அரசனுக்கு வேலையே இல்லை. கோயில்மேல் வெளியார் எவருக்கும் உரிமை எழ இடம்வைக்காத கதை என்றே இதை நான் வாசிக்கிறேன். கல்வராயனின் சேலம் மாவட்டப் பக்கத்தில், கரிராமனை நினைவூட்டும் கரியக்கோயில் என்ற பெயரை ஆறும் அணையும் தாங்கி நிற்கின்றன.

ஆனால் மலை வெறுமையாக இருக்கவில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு 1906-இல் விவரச்சுவடி எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் காலத்துப் பதிவுகள் மற்றொரு கதையைத் தருகின்றன. கல்வராயனில் முன்பு வேடர்கள் இருந்தார்களாம். வந்தவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்களாம். அதன் நினைவாகத் திருமணத்தில் வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் இருந்தது. அந்த வெடி, இறந்த வேடக் கணவனைக் குறித்தது. இவை நடந்தவையா என்று நிறுவ வழியில்லை. ஆனாலும் ஒரு சமூகம் தன் தெய்வத்தோடு குடியேறிய பெருமையையும், முன்பிருந்தவரை அகற்றிய செய்தியையும் ஒருசேரக் காத்துவந்திருப்பது கவனிக்கத்தக்கது. ‘எங்கள் கோயில்’ என்ற சொல்லுக்குள் வெளியே நிறுத்தப்பட்ட யாரோ ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

நிறுவன வரலாறு ஜாகிர்களில் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த செப்பேடே தங்கள் உரிமைக்கு ஆதாரம் என்பது அக்குடும்பங்களின் மரபு. ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த ஏற்பாடு பெரிதும் குலையாமல் தொடர்ந்தது. வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது, சாதி ஒழுங்கு காப்பது எல்லாம் ஒரே வீட்டு வாசலில் நடந்தன. கூலியில்லா வேலையும் அதே வாசலில்தான் வாங்கப்பட்டது. இத்தகைய அமைப்பில் கோயிலுக்கென்று தனிக் குழு தேவைப்படாது.

ஜாகிர் முறைக்கு முடிவு வந்தது மிகத் தாமதமாக. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜூன் 25-இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. நிலமும் வரியும் தாசில்தாரிடம் போயின. தெய்வ காரியம் அப்படிப் போகக்கூடியது அல்ல. நிலத்தின் பலம் இல்லாத தலைமை திருவிழா நடத்த வேண்டுமானால் வீடு வீடாகப் பணம் கேட்டாக வேண்டும். பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்பார். கோயில் குழு என்ற அமைப்பு பிறக்கும் இடம் இதுதான் என்று கருதுகிறேன்.

அடிவாரத்துச் சமவெளிக்கு இது பழகிய நடைமுறை. அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுமுன் ஊர்க்கூட்டம் கூடும்; தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடப்படும். மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்த வீட்டுக்கு அம்மன் வரும், அந்த வீட்டுத் தேங்காய் உடைக்கப்படும், அந்த வீட்டுக்காரர் கூட்டத்தில் பேசலாம். வரி வாங்கப்படாத வீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. பணமில்லாமல் கொடுக்காதவர் வேறு, கொடுக்க முன்வந்தும் மறுக்கப்படுபவர் வேறு. வரி நோட்டுதான் ஊரின் உண்மையான குடிமைப் பதிவேடு.

இதை முழுமையான நிறுவனமாக்கிக் காட்டியவர்கள் தெற்கே ராமநாதபுரம் சீமையின் நாடார் வணிகர்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் பொதுநிதிக்கான மகமை பிடித்து, உறவின்முறை என்ற சமூக அமைப்பின் வழியே பேட்டை, கோயில், பள்ளி அனைத்தையும் நடத்தினார்கள். விருதுபட்டி சத்திரிய வித்தியாசாலை 1889-இல் அந்தப் பணத்தில் எழுந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். பெருங்கோயில்களின் கதவு மட்டும் திறக்கவில்லை. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டதும் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு கீழ்நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என ஏறி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. வழக்கில் தோற்றவர்களிடம் சொந்தக் கோயிலும் சொந்தக் கணக்குப் புத்தகமும் ஏற்கெனவே இருந்தன; தோல்வி அவர்களைச் சிதறடிக்காததற்கு அது பெரிய காரணம். கல்வராயனில் தெய்வம் தந்த பிணைப்பை அங்கே மகமை தந்தது.

இதற்கிடையில் அரசும் கோயில் கணக்கைப் பார்க்க வந்துவிட்டது. 1920-களின் இந்து அறநிலையச் சட்டம், அதன் பிறகு 1951, இன்று நடப்பில் உள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் எனப் படிப்படியாகப் பிடி இறுகியது. 1959 சட்டத்தின் 6(20)-ஆம் பிரிவு கோயிலுக்குத் தரும் வரையறை, சாதிக் குழுக்கள் கவனிக்கத் தவறும் ஒன்று. இந்துக்கள் அனைவருக்கும் உரியதாகவோ, அவர்களில் ஒரு பிரிவினருக்கு உரியதாகவோ உள்ள பொது வழிபாட்டிடம் எதுவும் சட்டத்தின் கண்ணில் கோயிலே. ஆகவே ‘எங்கள் சாதிப் பணத்தில் கட்டியது’ என்ற வாதம் மட்டும் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடாது. ஒரு குடும்பம் தன்னைப் பாரம்பரிய அறங்காவலர் என்று நிறுவலாம். அதற்கு வழிவழி உரிமையோ வழக்காறோ ஆதாரமாக வேண்டும். நாட்டாண்மைக் குடும்பங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த வாதத்தைத்தான்.

மிஞ்சும் வழி, அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு சொல்லும் தனிச் சமயப் பிரிவு என்ற உரிமை. 1982-இல் மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு மூன்று அடையாளங்களை வற்புறுத்தியது: பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனித்த பெயர். சேலம் மாவட்டச் செங்குந்த முதலியார்களின் கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த அளவுகோலைப் பொருத்தி, சாதியாக இருப்பதாலேயே ஒரு சமூகம் சமயப் பிரிவாகிவிடாது என்றது. 2025 பிப்ரவரியில் நாமக்கல் மாவட்டக் கோயில் ஒன்றைப் பற்றிய வழக்கிலும் அதே நிலைப்பாடு இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. கல்வராயன் மக்களின் கரிராமன் மரபை இந்த மூன்று அடையாளங்களோடு ஒப்பிட்டால், சமவெளிச் சாதிகள் பலவற்றைவிட அவர்களுடைய வாதம் வலுவானதாகவே எனக்குப் படுகிறது.

குழு என்பதை ஜனநாயக வளர்ச்சியாக மட்டும் பார்ப்போருக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒரு மறுப்பு உண்டு. சின்னசேலம் அருகே எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் அந்த ஊர்ப் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகச் சென்று வழிபட்டது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று. அதுவும் அதிகாரிகள் முன்னிலையில், பலத்த போலீஸ் காவலோடு. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். சட்டத்துக்கும் அந்த ஏகாதசிக்கும் நடுவே 75 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. காஞ்சியிலிருந்து கரிராமனோடு வந்ததாகச் சொல்லும் குடி மலைமேல் இருக்க, அதே காஞ்சி வரதராஜரின் பெயர் தாங்கிய சந்நிதி அடிவாரத்தில் இத்தனை காலம் ஊரின் ஒரு பகுதியினருக்கு மூடிக் கிடந்தது. தமிழகத்தில் இத்தகைய தகராறுகளின் அமைதிப் பேச்சுவார்த்தைகளில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை தரிசனத்தோடு நிற்பதில்லை: எங்களிடமும் வரி வாங்குங்கள், நோட்டில் எங்கள் பெயரையும் எழுதுங்கள் என்கிறார்கள்.