மண்டபமும் மணலும்: தமிழ்ச் சொற்பொழிவு நடந்த வழி

தமிழ் நாகரிகத்தில் அவைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுமாறு முரசறைந்த புகார் நகரை மணிமேகலை காட்டுகிறது. ஆயினும் அவை கற்றோர் கற்றோரோடு பொருத களங்கள். கோயில்களில் நிகழ்ந்த புராணப் படனமோ நூலைப் பற்றிக்கொண்டு நடந்தது. ஒரு பொருளைத் தலைப்பாகக் கொண்டு, பலதரத்து மக்கள் முன் நின்று, அவர்தம் மனத்தை மாற்றும் நோக்கோடு உரைநடைத் தமிழில் பேசும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. பிரசங்கம், உபந்நியாசம், சொற்பொழிவு என அதன் பெயர் காலந்தோறும் மாறிற்று. பெயரைக் காட்டிலும் அது நிகழ்ந்த இடம் மாறிய வரலாறே பொருள் நிறைந்தது. பேச்சு எங்கே நிகழ்ந்தது என்று கேட்பது, யார் கேட்க முடிந்தது என்று கேட்பதேயாகும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பிரசங்கம் செய்ய எழுந்தார். அவரே நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர். வெசுலியன் பாடசாலையில் பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணை நின்றவர் அவர். பாதிரிமார் மக்களைத் திரட்டிப் பேசிய முறையை அருகிருந்து கண்டவர். அம்முறையையே சைவத்தின் காவலுக்கு அவர் எடுத்தாண்டார். வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டத்தை வழங்கியது. எதிராளியின் படைக்கலத்தைத் தனதாக்கிக்கொண்ட நாவுக்குக் கிடைத்த சிறப்பு அது. மேடையில் பழகிய தெளிவு அவர்தம் வசன நடையிலும் படிந்தது. பாட்டையே பெரிதும் போற்றிய தமிழில், உரைநடைக்கு ஒரு மிடுக்கு வந்ததில் அந்தப் பிரசங்கங்களுக்கும் பங்குண்டு.

ஆனால் கோயில் மண்டபத்துக்கு வாயில் உண்டு. அவ்வாயில் அக்காலத்தில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே நுழைய முடியாத இடத்தில் நிகழ்ந்த பேச்சு அவர் செவிக்கு எட்டியிராது. புதிய கலை ஒன்று பிறந்த பொழுதே பழைய வேலி அதனைச் சூழ்ந்து நின்றது.

நகரமண்டபம் வேறொரு வேலியைக் கொண்டு வந்தது. அது மொழியாகிய வேலி. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சென்னைக்கு வந்து விக்டோரியா மண்டபத்தில் ஆற்றிய உரைகள் ஆங்கிலத்திலேயே அமைந்தன. மண்டபம் கொள்ளாத கூட்டம் வெளியே திரண்டு ஆரவாரித்தபோது, அவர் வெளியே வந்து வண்டியின்மீது நின்று சில சொற்கள் பேசினார். உள்ளே இருந்தோரினும் வெளியே நின்றோர் மிகுதி என்பதை அந்த மாலை உணர்த்திற்று. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்றோர் ஊர்தோறும் சென்று தமிழிலேயே அரசியல் பேசத் தலைப்பட்டது அடுத்த படி.

1908இல் பேச்சு கடற்கரைக்கு வந்தது. மணலுக்கு வாயில் இல்லை, காவலாளும் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் பேசினர். கோரல் ஆலைத் தொழிலாளர் அவற்றைக் கேட்டனர். பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மார்ச்சு 12இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டும், சிதம்பரனாருக்கு இரு ஆயுள் தண்டனைகளாக நாற்பதாண்டும் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சிவாவின் பேச்சுக்குத் துணை நின்றதற்காக. மேல்முறையீட்டில் தண்டனைகள் ஆறாண்டாகக் குறைந்தன.

அவ்வழக்கில் ஒரு விந்தையும் உண்டு. காற்றோடு போயிருக்க வேண்டிய சொற்களைப் பதிவு செய்தவர்கள் காவல்துறையினர். தண்டிப்பதற்காக அவர்கள் எடுத்த குறிப்புகளே நீதிமன்றத்தில் சான்றாயின; பின்னாளில் வரலாற்றுக்கும் சான்றாயின. அன்புடன் கேட்டவர் நெஞ்சில் மட்டுமே வைத்துக்கொண்டனர். பகையுடன் கேட்டவர் தாளில் எழுதிவைத்தனர்.

சிவா 1912இல் விடுதலையானபோது தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது. நோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறத் தடை வந்தது. அவர் நடந்தும் கட்டை வண்டியில் அமர்ந்தும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியில் மறையும்வரை அந்த நா ஓய்ந்ததில்லை. சொற்பொழிவு என்பது சொல்லின் பொழிவு மட்டுமன்று, உடலைத் தேய்த்துக் கொடுக்கும் கொடை என்பதற்கு அவரினும் சான்று வேண்டுமோ?

1918இல் பேச்சு ஆலை வாயிலுக்கு வந்தது. பெரம்பூர்ப் பகுதியில் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேச, தொழிலாளர் பொருட்டு அது தமிழாக்கப்பட்டது. ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அச்சங்க மேடைகளில் திரு.வி. கலியாணசுந்தரனாரின் தமிழ் முழங்கிற்று. இலக்கிய மேடைக்கு உரியதாகக் கருதப்பட்ட செந்தமிழ், கூலியையும் வேலை நேரத்தையும் பேசுதற்கும் ஏற்றது என்பதை அவர் மெய்ப்பித்தார். தமிழ் எளியோர்க்கு விளங்காது என்றோர் வாய் அடைத்தது.

1921 ஜூலை 31ஆம் நாள், ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலை ஆண்டுவிழாவில் பாரதியார் பேசினார். அரசியல் கொதிப்பு மிகுந்த அந்நாளில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதனுக்கு மரணமில்லை என்பது. சிற்றூர் நூலகமொன்றில் மக்கள் கூடி, பயன் எதுவும் கருதாது, ஒரு கருத்தைக் கேட்பதற்காகவே அமர்ந்திருந்தனர். மறுநாள் ஈரோட்டில் இந்தியாவின் எதிர்கால நிலை குறித்துப் பேசினார். அப்பயணத்தைத் தாமே சுதேசமித்திரனில் எழுதவும் செய்தார். செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் குரலின் ஒலிப்பதிவு எதுவும் இன்று இல்லை.

மேடையின் முதிர்ச்சி மாறுபட்டவரையும் உடன் அமர்த்திக் கேட்பதில் உள்ளது. 1943 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைச் சட்டக்கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணத்தைக் குறித்து அறிஞர் அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிர் நின்று வாதிட்டனர். மார்ச்சு 14இல் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வாதிட்டனர். எரிக்க வேண்டும் என்ற கட்சியும் காக்க வேண்டும் என்ற கட்சியும் ஓர் அவையின் பொறுமையை நம்பி வந்தன. அந்த நம்பிக்கைக்கு அவையும் உரியதாயிருந்தது.

கோயில் மண்டபம், நகரமண்டபம், கடற்கரை, ஆலை வாயில், வாசகசாலை, கல்லூரி மண்டபம் என்னும் இவ்வழியில் பேசியோர் பெயர்கள் நிலைத்துவிட்டன. கேட்டோர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஆயினும் வண்ணார்பண்ணையில் வெள்ளிதோறும் வந்தவரும், பகல் முழுதும் உழைத்துவிட்டுத் தூத்துக்குடி மணலில் அமர்ந்தவரும், கருங்கல்பாளையத்தில் இரவு விழித்தவரும் இல்லையேல் எந்த நாவும் நாவலன் ஆகியிராது. வள்ளுவர் செவிச்செல்வத்தைச் செல்வத்துள் தலையாயதாக வைத்தது, கேட்பவரும் படைப்பவரே என்று கருதித்தான் போலும். மாலை வேளையில் ஒரு சிறு கூடத்தில் விரிக்கப்படும் ஒவ்வொரு பாயும் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு.