தீவகமும் கார்த் திறப்பும்

பிரித்தானியாவில் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியான மொறிஸ் மைனரும் அக்கால ஒஸ்ரின் கார்களும், 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையையும் தாண்டி யாழ்ப்பாணத்தில் ஓடியமைக்கு அவற்றின் எளிய பொறியமைப்பே முதற்காரணமாகும். திறப்பும் அவ்வாறே எளியது: ‘எஃப்எஸ்’ என்னும் எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் பெரும்பாலும் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால், திறப்புத் தொலைந்தாலும் அந்த எண்ணைக்கொண்டு, பல் வெட்டப்படாத வெறுந்திறப்பை அரத்தால் அராவிப் புதியதொன்றை ஆக்கிவிடலாம். களவுக்கும் அது வழிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் பழுதுபார்க்கும் ஆற்றல் ஊர்க் கைவினைஞரிடமே இருந்தமை பெரும் பேறாகும்.

இன்றைய திறப்பினுள் இருக்கும் சிப், அதாவது வாகனத்துக்குத் தன்னை அடையாளங்காட்டும் மின்னணுச் சில்லு, பெரும்பாலும் வாகனத்தின் அருகிலேயே கருவிகொண்டு பதியப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் இது எல்லாவிடத்தும் ஒரேயளவு எளிதன்று. வேலணைத் தீவு பண்ணைத் தாம்போதியால் யாழ் நகரோடு இணைந்துள்ளது. ஆனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டியிருப்பதால், அங்குள்ளோர் இரண்டாம் திறப்பை முன்னரே செய்துவைத்தல் அவசியம்.