முதல் ஆட்டம் விட்ட பிறகு: ஐதராபாத்தில் திரைப்படப் பேச்சின் வரலாறு

தெலுங்குத் திரைப்பட வணிகத்தில் ‘டாக்’ என்றொரு சொல் உண்டு. ஒரு படத்தின் முதல் காட்சி முடிந்து வெளியே வருபவர்கள் வாசலில் காத்திருப்போரிடமும், தேநீர்க் கடையிலும், மறுநாள் அலுவலகத்திலும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்வதன் மொத்த விளைவையே இச்சொல் குறிக்கிறது. படம் ஓடும் என்ற பேச்சு பரவினால் அது ‘ஹிட் டாக்’ என்றும், தேறாது என்றால் ‘ஃபிளாப் டாக்’ என்றும், கருத்துகள் இரண்டாகப் பிரிந்தால் ‘டிவைட் டாக்’ என்றும் வழங்கப்படுகிறது. படத்தை வாங்கிப் பணம் போட்ட விநியோகஸ்தருக்கு நாளிதழ் விமர்சனத்தைவிட இந்தப் பேச்சே எப்போதும் முக்கியமாக இருந்துவந்திருக்கிறது. இருந்தும் இதற்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது. நாளிதழ்களும் திரைப்பட இதழ்களும் நூலகங்களில் எஞ்சியிருக்க, வாய்ப்பேச்சு பேசப்பட்ட மாலையோடு மறைந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பேச்சு எங்கே நடந்தது, யார் பேசினார்கள், பேச எவ்வளவு பொழுது கிடைத்தது என்பவற்றை வைத்து அதன் போக்கை ஓரளவு கண்டறியலாம். அத்தகைய ஆய்வுக்கு இந்திய நகரங்களில் ஐதராபாத் மிகவும் ஏற்றது.

ஐதராபாத்தில் ஒரு திரைப்படத்தைப் பற்றிய தனி மனிதரின் கருத்து வரலாற்றை மாற்றிய முதல் நிகழ்ச்சி மௌனப்படக் காலத்தைச் சேர்ந்தது. வங்காளத்தின் தொடக்ககாலப் படைப்பாளிகளில் ஒருவரான திரேந்திரநாத் கங்குலி, கல்கத்தாவில் ‘பிலாத் பேராத்’ என்ற நகைச்சுவைப் படத்தில் பெயர் பெற்றபின், 1922ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நிஜாமின் ஆதரவோடு லோட்டஸ் பிலிம் கம்பெனியை நிறுவி, இரண்டு திரையரங்குகளையும் நடத்திவந்தார். 1924இல் பம்பாயில் தயாரான ‘ரஸியா பேகம்’ என்ற படத்தை அவர் இங்கே திரையிட்டார். டெல்லியை ஆண்ட சுல்தானா ரஸியா ஓர் இந்துவைக் காதலிப்பதாக அமைந்த அக்கதை நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்குக் கடும் சினத்தை மூட்டியது. கங்குலி சமஸ்தானத்தைவிட்டு வெளியேற உத்தரவு பிறந்தது. அவர் கல்கத்தா திரும்பியதோடு ஐதராபாத்தின் முதல் படத் தயாரிப்பு முயற்சியும் முடிந்துபோனது. அந்தப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்த சாதாரண மக்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூடச் சான்று எஞ்சவில்லை என்பதும், அரசரின் கருத்து மட்டும் நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது என்பதும் இந்த வரலாற்றை எழுத முனைவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியவை.

நிஜாமின் தலைநகருக்கு அருகே, உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே, ஆங்கிலேயப் படையின் பாசறையாக 1806இல் உருவான செகந்திராபாத் வேறு விதமாக வளர்ந்தது. சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளோடும் அவற்றுக்குப் பண்டம் வழங்கிய வணிகர்களோடும் வந்து குடியேறிய தமிழர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், பார்சிகள், தெலுங்கர்கள் ஆகியோர் கலந்து வாழ்ந்த அந்தக் கன்டோன்மென்டில் ஆங்கிலப் படங்களுக்கும் இந்திப் படங்களுக்கும் ஒருசேர ரசிகர்கள் இருந்தனர். திருமலகிரிப் பகுதியில் 1934இல் பிறந்த ஷியாம் பெனகல் சிறுவனாக உலகப் படங்களை அறிந்துகொண்டது படைவீரர்களுக்கென இயங்கிய காரிசன் திரையரங்கில்தான். பின்னாளில் அவர் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஐதராபாத் பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். பிலிம் சொசைட்டி என்பது, உறுப்பினர்கள் சந்தா செலுத்தி வணிக அரங்குகளுக்கு வராத படங்களை வரவழைத்துப் பார்த்து, பார்த்தபின் கூடியிருந்து விவாதிக்கும் அமைப்பாகும். படம் முடிந்ததும் எழுந்து போகாமல் உட்கார்ந்து பேசுவதை ஒரு கடமையாகவே ஏற்றுக்கொண்ட முதல் ரசிகர் கூட்டம் என இத்தகைய சங்கங்களைச் சொல்லலாம். ஆனால் அவற்றின் உறுப்பினர் தொகை எக்காலத்திலும் சிறிது. நகரத்தின் பெரும்பேச்சு வேறிடத்தில் நடந்தது.

அந்த இடம் இரானி ஹோட்டல். பாரசீகத்திலிருந்து பம்பாய், புனே வழியாக வந்து சேர்ந்தவர்கள் ஐதராபாத்தின் முச்சந்திகளிலும் நாற்சந்திகளிலும் தொடங்கிய இந்தத் தேநீர்க் கடைகளில், பளிங்குப் பலகை போட்ட மேசையும், நெடுநேரம் காய்ச்சிய பாலில் கலந்த தேநீரும், உஸ்மானியா பிஸ்கட்டும் அடையாளங்களாயின. ஒரு கோப்பைத் தேநீரை வாங்கியவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற வழக்கமே திரைப்படப் பேச்சுக்கு இவற்றைப் பொருத்தமாக்கியது. இன்று பிரியாணிக்காக உலகெங்கும் அறியப்படும் பாரடைஸ் உணவகம் 1953இல் செகந்திராபாத்தின் பாரடைஸ் திரையரங்கோடு சேர்ந்த சிற்றுண்டிச்சாலையாகவே தொடங்கியது. அரங்கு மறைந்தபின்னும் அதன் பெயர் உணவகத்திலும் சாலைச் சந்திப்பிலும் தங்கிவிட்டது. ஆபிட்ஸ் பகுதியில் இருந்த ஓரியன்ட் ஹோட்டல் கவிஞர்களும் இடதுசாரி எழுத்தாளர்களும் கூடுமிடமாகப் புகழ்பெற்றது. உருதுக் கவிதையை வரிவரியாக வாய்விட்டுப் பாராட்டியும் குறைகூறியும் கேட்கும் முஷாயரா அரங்கின் பழக்கம் இந்நகரத்தாருக்கு முன்பே இருந்ததால், படத்தின் வசனத்தையும் பாட்டின் சொல்லமைப்பையும் தனித்தெடுத்துப் பேசும் திறம் அவர்களிடம் இயல்பாகவே அமைந்தது என்று கருத இடமுண்டு. இந்தப் பேச்சில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்க முடியும். மறுத்தவருக்கு மூன்றாமவர் விடை சொல்ல முடியும். எழுந்து போகும்போது, வந்தபோது கொண்டிருந்த கருத்தை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கவும் முடியும்.

எனினும் அந்த மேசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பழைய அரங்குகளில் பெண்களுக்குத் தனி இருக்கைப் பகுதியும், கோஷாப் பெண்களுக்குத் திரைச்சீலை மறைப்பும் இருந்தன. வாயிலும் பல இடங்களில் வேறாக இருந்தது. அவர்களுடைய கருத்து தெருவுக்கு வராமல் வீட்டு முற்றத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் பரவியது. ‘நேல டிக்கெட்’ எனப்படும் தரை வகுப்பில், திரைக்கு மிக அருகே அமர்ந்து பார்த்த கூலித் தொழிலாளிகளின் தீர்ப்போ, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டியாகவும் கூச்சலாகவும் வெளிப்பட்டது. பால்கனியில் இருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டே படம் பார்த்தார். ஒரே படத்துக்குக் குறைந்தது மூன்று தீர்ப்புகள், மூன்று வேகத்தில் உருவாயின என்பதும், அவற்றில் மிக மெதுவாகப் பரவிய பெண்களின் தீர்ப்பே படம் எத்தனை வாரம் ஓடும் என்பதைப் பெரிதும் நிர்ணயித்தது என்பதும் விநியோகஸ்தர்கள் நன்கு அறிந்த செய்திகள்.

1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவானதைத் தொடர்ந்து தெலுங்குத் திரைத்துறை சென்னையிலிருந்து படிப்படியாக இங்கே இடம்பெயர்ந்தது. அமீர்பேட்டையில் சாரதி ஸ்டுடியோ எழுந்தது. 1959இல் முழுவதும் ஐதராபாத்திலேயே எடுக்கப்பட்ட ‘மா இன்டி மகாலட்சுமி’ வெளிவந்தது. அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1970களின் நடுவில் அன்னபூர்ணா ஸ்டுடியோவை நிறுவினார். படத்தை எடுப்பவர்களும் அதைப் பற்றிப் பேசுபவர்களும் ஒரே ஊரில் வாழத் தொடங்கியதால், சந்தியில் பேசப்பட்டது அன்று மாலையே தயாரிப்பாளரின் காதுக்கு எட்டியது. வணிகத்தில் மாநிலம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தெலங்கானாவுக்கு ‘நைஜாம்’ என்றும், 1800இல் நிஜாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த ராயலசீமைக்கு ‘சீடட்’ என்றும் இன்றுவரை அங்கே பெயர். நிஜாம் ஆட்சி 1948இல் முடிந்தும், வசூல் கணக்கில் அவர் பெயர் தொடர்கிறது.

நைஜாம் பகுதியின் நாடித்துடிப்பை அறியும் இடமாக ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் ஆனது. சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகத்துக்கு அருகே உள்ளதால் இப்பெயர் பெற்ற இந்தச் சந்திப்பில், சந்தியா, சுதர்சன், தேவி, சப்தகிரி, ஓடியன் எனக் கூப்பிடு தொலைவுக்குள் பல அரங்குகள் நெருங்கி நின்றன. ஒரு படம் விடும்போது வெளியே வரும் கூட்டமும், எதிர் அரங்கில் வேறொரு படத்துக்கு நுழையக் காத்திருக்கும் கூட்டமும் ஒரே தெருவில் மோதிக்கொண்டதால், இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பேசுவது இங்கே தவிர்க்க முடியாததாயிற்று. சங்கராந்திக்கு இரண்டு மூன்று பெரிய நடிகர்களின் படங்கள் ஒன்றாக வரும் ஆண்டுகளில் இந்தத் தெருவின் பேச்சைக் கேட்டே பிற ஊர்களின் அரங்குகள் எந்தப் படத்துக்குக் கூடுதல் காட்சி தருவதென முடிவு செய்தன. விடியற்காலையில் நடத்தப்பட்ட ‘பெனிஃபிட் ஷோ’, அதாவது நற்பணிக்கு நிதி திரட்டுவதற்கென்று பெயரிட்டு உயர்ந்த கட்டணத்தில் நடத்தப்பட்ட சிறப்புக் காட்சி, பேச்சு தொடங்கும் நேரத்தை இன்னும் முன்னே தள்ளியது. அக்காட்சிக்கு வருபவர்கள் நடிகரின் தீவிர ரசிகர்கள் என்பதால் அவர்கள் சொல்வதைப் பொதுப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற தெளிவு அந்நாளைய பார்வையாளரிடம் இருந்தது.

வாய்ப்பேச்சின் வலிமைக்குத் தெலுங்கு உலகம் இன்றும் காட்டும் சான்று 1980 பிப்ரவரியில் வெளிவந்த கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’. நட்சத்திரங்கள் இல்லை, நாயகன் முதியவர், பொருள் கர்நாடக இசை என்ற நிலையில் அதை வாங்கவே வணிகர்கள் தயங்கினர். முதல் நாட்களில் அரங்குகள் வெறிச்சோடின. பார்த்துவிட்டு வந்த சிலர் வீடுதோறும் சொல்லச் சொல்ல, அடுத்த வாரங்களில் கூட்டம் பெருகியது. தமிழ்நாட்டிலும் மொழிமாற்றம் செய்யாமலே நீண்ட நாட்கள் ஓடியதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். அதே ஆண்டு, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைக் கதைப்பொருளாகக் கொண்டு பி. நரசிங்க ராவ் தயாரித்து கௌதம் கோஷ் இயக்கிய ‘மா பூமி’ ஐதராபாத்தில் காலைக் காட்சிப் படமாக நெடுங்காலம் நிலைத்தது. இவ்விரண்டு படங்களும் பிழைத்ததற்கு ஒரே காரணம் காலம். இரண்டாம் வாரம் வரை அரங்கில் இருக்க அன்றைய வணிக முறை இடமளித்தது. மெல்லப் பரவும் பேச்சு வந்து சேரும்வரை படம் திரையில் இருந்தது.

1990களின் இறுதியில் இந்தக் கால அளவு குறுகத் தொடங்கியது. ஐதராபாத்திலிருந்து இயங்கிய இணைய ஏடுகள் வெளியீட்டு நாளிலேயே ஐந்துக்கு இரண்டே முக்கால், மூன்றேகால் எனக் கால் மதிப்பெண் வரை நுணுக்கிப் படங்களை அளந்தன. ஆனந்த விகடன் மதிப்பெண்ணுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த தமிழ் வாசகர் மரபோடு ஒப்பிட்டால் இதன் வேகம் விளங்கும். தெலுங்கு மென்பொருள் பணியாளர்கள் பெருமளவில் குடியேறிய அமெரிக்காவில் வியாழன் மாலை நடக்கும் காட்சி, ஐதராபாத்தில் வெள்ளிக்கிழமையின் வழக்கமான காலைக் காட்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதனால் சந்தியா அரங்கின் கதவு திறக்கும் முன்பே டாலஸ், நியூஜெர்சி பகுதிகளின் பேச்சு கைப்பேசிக்கு வந்துசேர, ஆர்.டி.சி. சந்திப்பு தன் முதலிடத்தை இழந்தது.

2003இல் உசேன் சாகர் கரையில் திறக்கப்பட்ட பிரசாத்ஸ் ஐமாக்ஸ் பேச்சுக்கு ஒரு புதிய வாசலைத் தந்தது. ஐமாக்ஸ் பெயர் பின்னர் நீங்கினாலும் மக்கள் அதை அப்படியே அழைக்கின்றனர். காலைக் காட்சி விட்டதும் அதன் வாசலில் ஒலிவாங்கி ஏந்தியவர்கள் வரிசையாக நின்று, வெளியே வருபவர்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்யும் ‘பப்ளிக் டாக்’ என்ற முறை 2010களில் வேரூன்றியது. இதன் நற்பயனை மறுப்பது நியாயமாகாது. நேல டிக்கெட்டில் அமர்ந்தவர்களின் பெயரற்ற குரல் முதன்முறையாக முகத்தோடு பதிவானது. கல்லூரி மாணவிகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள், முதியவர்கள் என இரானி ஹோட்டல் மேசையில் இடம் பெறாதவர்கள் பேசினார்கள். ஆயினும் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கவேண்டிய கருத்து தீர்ப்பாக மட்டுமே அமைய முடியும். எதிரில் இருப்பது மறுத்துப் பேசும் நண்பனாக இல்லாமல் ஒரு கருவியானபோது, உரத்துச் சொல்பவரையும் ஆடிக் காட்டுபவரையும் ஒலிவாங்கிகள் திரும்பத் திரும்பத் தேடிச் சென்றன. பார்வையாளர்களிடையே தொழில்முறைப் பேச்சாளர்கள் உருவானார்கள். உட்கார்ந்து பேசி, பேச்சின் நடுவே கருத்தை மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் இந்த முறையில் இடமின்றிப் போனது பெரிய இழப்பு.

முதல் பேச்சை முந்திக் கேட்கவும் சொல்லவும் எழுந்த வேட்கைக்கு நகரம் கொடுத்த விலையும் உண்டு. 2024 டிசம்பர் 4 இரவு, ‘புஷ்பா 2’ படத்தின் சிறப்புக் காட்சிக்காக, அதன் நாயகனும் வந்திருந்த வேளையில், சந்தியா அரங்கில் திரண்ட கூட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய மகன் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அம்மாதமே தெலங்கானா முதலமைச்சர் சட்டமன்றத்தில் இனிச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தார். சென்னையிலோ, படம் வெளியாகி மூன்று நாட்கள்வரை இணைய விமர்சனங்களைத் தடுக்கவேண்டும் என்று கோரித் தயாரிப்பாளர் தரப்பு அதே மாதம் உயர் நீதிமன்றத்தை நாடியது. கருத்துரிமையைச் சுட்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. அரங்க வளாகத்துக்குள் ஒலிவாங்கிகளை அனுமதிக்கலாகாது என்ற கோரிக்கை தமிழ்த் தயாரிப்பாளர்களிடமிருந்து அதற்கு முந்தைய மாதமே எழுந்திருந்தது.

இவ்வளவு மாற்றங்களுக்குப் பின்னும் நைஜாம் விநியோகஸ்தர்கள் ஒரு பழைய அளவுகோலைக் கைவிடவில்லை. வெள்ளியன்று ஒலிவாங்கியின் முன் சொல்லப்பட்டதையும், சனி ஞாயிறுகளின் நிறைந்த அரங்குகளையும் அவர்கள் முழுக் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமைக் காட்சிகளுக்கு எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்பதை வைத்தே, வீடுகளுக்குள் என்ன பேசப்பட்டது என்பதை அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். அடுத்த வாரத்துக்கு எத்தனை அரங்குகளில் படத்தை வைத்திருப்பது என்ற முடிவும் அதற்குப் பிறகே எடுக்கப்படுகிறது.