வெட்டு: ஒரு வினையும் இரண்டு கரைகளும்

மார்கழி மழை இறுகிவிட்டால் மட்டக்களப்பில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: “ஆத்துவாய வெட்டிற்றாங்களா?” பஸ்ஸிலும் கேட்கும், மீன் சந்தையிலும் கேட்கும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு வாயை எதற்கு வெட்டுகிறார்கள் என்பது உடனே பிடிபடாது.

ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதி வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவியை எழுத்தில்தான் வாவி என்கிறோம். பேச்சில் அது ஆறு. அந்த ஆறு கடலைத் தொடும் இடங்கள் இரண்டு: நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் அலைகள் மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையோடு குளங்களின் மிகைநீரும் வந்து சேர்ந்ததும் ஆறு ஏறத் தொடங்கும். அப்போது மணல் திட்டை ஊடறுத்துத் தண்ணீருக்குக் கடல்வழி காட்டுவதுதான் ஆற்றுவாய் வெட்டு. வாவியின் பக்கமிருந்து கடலை நோக்கி ஒடுங்கிய ஒரு கால் எடுத்தால் போதும். ஓட்டம் பிடித்துவிட்டால் தண்ணீரே இரு பக்கத்து மணலையும் அரித்து வாயை அகலமாக்கிக்கொள்ளும். முன்பு மண்வெட்டியோடு ஆட்கள் திரண்டு செய்த வேலையை இப்போது பெக்கோ செய்கிறது. வினை மட்டும் மாறவில்லை.

எப்போது வெட்டுவது என்பதில் பிணக்கு உண்டு. தாழ்ந்த வயல் வட்டைகளில் வேளாண்மை செய்தவருக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சிடி. பயிர் தண்ணீருக்குள் கிடந்து அழுகும் முன் வெட்டச் சொல்வார். ஆற்றை நம்பி வலை போடுபவருக்கோ இறாலும் மீனும் வளர்வதற்கு நீர் நிற்க வேண்டும். கச்சேரியில் கூட்டம் கூடி, நீர்ப்பாசனம், மீன்பிடி, கமநலம் என்று எல்லாத் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். 2011 தை மாத வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தை வெறும் சம்பிரதாயமாக எண்ணமாட்டார்கள்.

இந்த வினையின் எல்லையைக் காட்டுபவை அதன் பக்கத்தில் நிற்கும் வேறு இரண்டு வினைகள். வெட்டும் முன்பே வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அதை யாரும் வெட்டு என்பதில்லை. ஆற்றுவாய் ‘உடைந்துவிட்டது’ என்பார்கள். மனிதக் கை பட்டால் வெட்டு, தண்ணீர் தானாகச் செய்தால் உடைப்பு. அலுவலகக் கடிதங்களில் முகத்துவாரம் ‘திறத்தல்’ என்று வரும். பொருளில் பிழையில்லை. ஆனால் இந்த மண்ணில் ‘திறத்தல்’ என்பதற்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசியில், கதவு திறக்கும். திறந்த கதவுக்குள் சடங்கு நடந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். ஊருக்கே அது ‘கதவு திறத்தல்’. ஆற்றுவாய்க்கு ஊரார் அந்த வினையை எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அதே கண்ணகி வழிபாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊர் இரு கட்சியாய்ப் பிரிந்து கொம்பு இழுக்கும்போது வினை ‘முறித்தல்’. கொம்புமுறியில் கொம்பை வெட்டினால் விளையாட்டே இல்லை. ஆனால் சடங்குக்காக நடும் கன்னிக்காலுக்கு மரம் பார்த்துக் கொண்டுவருவது ‘கன்னிக்கால் வெட்டு’. ஒத்த பொருள் என்று அகராதி ஒரே வரிசையில் அடுக்கும் சொற்களை இங்கே ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

ஆற்றைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் அதே வினை வேறு வேலை பார்க்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. வயல் பெரும்பாலும் படுவான்கரையில். அங்கே வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர், ‘வெட்டு’ என்றால் அந்த வேளாண்மையை வெட்டுவது. பெரும்போகத்தில் தை, மாசியில் “வெட்டுத் துடங்கிற்றா?” என்று கேட்டால் எதை என்று திருப்பிக் கேட்பார் இல்லை.

தமிழ்நாட்டில் இதே வேலை கதிரறுப்பு, அறுவடை. யாழ்ப்பாணத்தில் அரிவு வெட்டு. சங்கப் பாடல்களில் உழவர் நெல்லை அரிவார்கள், அவர்களுக்குப் பெயரும் அரிநர். அரிவாள் என்ற கருவிப் பெயருக்குள் அந்தப் பழைய வினை இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாண வழக்கு பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்பு வெட்டை மட்டும் வைத்துக்கொண்டது, கருவிக்கும் அரிவாள் என்ற பெயரைக் கொள்ளவில்லை. இங்கே அது தாக்கத்தி. தாளை அறுக்கும் தாட்கத்தியே தாக்கத்தி ஆயிற்று என்பர். ‘அறுத்தல்’ பேச்சில் இல்லாமலில்லை: மரம் அறுப்பார்கள், மாடு அறுப்பார்கள். வேளாண்மைக்கு அந்த வினை பத்திரிகைச் செய்தியில்தான் வருகிறது.

தாக்கத்தி வெட்டு எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. குனிந்து நின்று, இடக்கையால் ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பற்றி, வளைந்த அலகைத் தாளின் அடியில் கொடுத்துத் தன்பக்கமாக இழுக்க வேண்டும். வெட்டிய பிடிகளைக் கதிர் ஒரே பக்கம் பார்க்க ஒட்டின்மேல் சாய்த்து வைத்தால் உப்பட்டி. வெயிலில் காய்ந்த உப்பட்டிகளைச் சேர்த்துக் கட்டிக் களவெட்டிக்குச் சுமந்துபோய்க் குவித்துச் சூடு வைப்பார்கள். புல் செதுக்கி, மண்ணை வெட்டிச் சமப்படுத்தி ஆக்கிய களம் என்பதால் களவெட்டி என்று கொள்கிறேன். ஆகவே அங்கேயும் நம் வினைதான். சூடு வைத்தபின் மாடு விட்டுச் சூடடித்தல், பிறகு தூற்றல். களத்தில் குவிந்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கு எவ்வளவு, வயலில் வேலை பார்த்த முல்லைக்காரனுக்கு எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பகுதி வழக்குகளின் செம்மையைப் பேசுகிறது. தமிழறிஞர் கமில் சுவலபில் மட்டக்களப்புப் பேச்சை இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று மதிப்பிட்டார். இந்தப் பாராட்டுகளில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் பழமையை மட்டும் தேடிப் போனால் வெட்டு போன்ற சொல் கையில் அகப்படாது. வள்ளுவர் மணற்கேணிக்கு ஆண்ட வினை ‘தொடு’. கிணறு, குளம், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் அந்த இடத்தை இன்று பிடித்திருப்பது வெட்டு. பழைய வினைகள் பல பார்த்த வேலைகளை இது ஒன்றே சுமக்கிறது.

மண்ணை வெட்டும் கருவி மண்வெட்டி. இலங்கை ஆங்கிலத்தில் அதன் பெயர் மமோட்டி. 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியே அது தமிழ் மண்வெட்டி என்று எழுதிவைத்திருக்கிறது. கூலியாளின் தோளிலிருந்த கருவி, துரைமாரின் கணக்கேட்டிலும் தன் பெயரோடேயே ஏறியிருக்கிறது.

‘கல்வெட்டு’ இன்னொரு திசை. கல்லில் வெட்டிய எழுத்துக்கே இப்பெயர் முதலில். ஈழத்தில் அது ஏட்டுக்கும் தாளுக்கும் நகர்ந்தது. திருகோணமலையின் ‘கோணேசர் கல்வெட்டு’ கல்லில் இருப்பதன்று, ஒரு செய்யுள் நூல். இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் பாமலரும் கல்வெட்டுத்தான். அழியக்கூடாது என்ற விருப்பம்தான் கல்லைத் தாளுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

புதிய வெட்டுகளில் மின்வெட்டை 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை அனுபவித்தோம். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டந்தோறும் வெளியாகும் வெட்டுப்புள்ளி பிள்ளைகளை நித்திரை கொள்ளவிடாது. மேற்சொன்ன வெட்டுகளிலெல்லாம் வெட்டியபின் தண்ணீரோ நெல்லோ எழுத்தோ வந்தது. இந்த இரண்டிலும் வெட்டு இல்லாமலாக்குகிறது. அவை இந்த மண்ணில் முளைத்த பொருள்களல்ல, அரச மொழியோடு வந்தவை.

வயலில் நடந்த மாற்றம் இதைவிட ஆழமானது. இப்போது வெட்டுவது மெசின். அது இறங்கினால் வெட்டும் சூடடியும் தூற்றலும் ஒரே ஓட்டத்தில் முடிந்து, நெல் அப்படியே சாக்குக்குள் போகிறது. உப்பட்டி வைக்க இடமில்லை, சூடு எழுவதில்லை. அந்தச் சொற்களை வயதானவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தாக்கத்தி நாளில் “வெட்டி முடிஞ்சிது” என்றால் “மறுகா எப்ப சூடடி?” என்று கேட்பார்கள். இன்று அதே இரண்டு சொல்லுக்கு நெல் சாக்கில் கட்டியாயிற்று என்று பொருள். அடுத்த கேள்வி, யாவாரி கிலோவுக்கு என்ன விலை சொல்கிறான் என்பது.